அரை இஞ்ச் மேலே

சாத்தான்குளம் பஜாரில் பிளெக்ஸ் டிசைன் பண்ணிப் பிழைக்கிறவனுக்குப் படம் வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சொந்தபந்தம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சடங்கு வீட்டு பேனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தடிக்கு எட்டடி. நடுவில் பிள்ளை. மேலே மேகத்துக்குள் காலமான தாத்தா, ஆச்சி. இரண்டு பக்கமும் தாய்மாமன்மார். மூத்த மாமாவின் தலை இளைய மாமாவின் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். கொஞ்சம் என்றால் எவ்வளவு? மூத்தவர் பார்த்தால் தெரிய வேண்டும், இளையவர் பார்த்தால் தெரியக் கூடாது. இதற்கு நடுவே சவுதியில் இருந்து பணம் அனுப்பிய மாமா ஒருவர் இருப்பார். வயசில் சின்னவர், செலவில் பெரியவர். அவரை எல்லோரையும்விட அரை இஞ்ச் மேலே தூக்கி வைக்க வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தூக்கி வைக்காவிட்டால்தான் சொல்வார்கள்.

கம்ப்யூட்டருக்கு இந்த அரை இஞ்ச் புரியாது. சவுதி மாமாவை மவுஸால் பிடித்து மேலே இழுப்பேன். மூத்தவரின் தலைக்கு நேராக வந்ததும் ஒரு ரோஸ் கலர் கோடு மின்னும். மாமா படக்கென்று தாவி அந்தக் கோட்டில் உட்கார்ந்துகொள்வார். இன்னும் ஒரு நூல் மேலே போங்கள் என்றால் போக மாட்டார். பலமாக இழுத்தால் ஒரேயடியாக எகிறி, தாத்தாவின் மேகத்தில் போய் ஒட்டிக்கொள்வார். உயிரோடு இருக்கிறவரை மேகத்துக்குள் வைத்தால் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு படத்தின் பக்கத்தில் இன்னொன்றைக் கொண்டுபோனால் தானாக இழுத்து நேர்ப்படுத்தி ஒட்டவைக்கிற சமாச்சாரத்துக்கு ஸ்னாப் என்று பெயர்.

வேண்டாத நேரத்தில் ஒட்டாமல் இருக்க ஒரு கீயை அமுக்க வேண்டும். எந்தக் கீ? அமுக்கிப் பிடிப்பதா, தட்டி விடுவதா? இழுக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலா, இழுத்துக்கொண்டு இருக்கும்போதா? இதையெல்லாம் யாரோ ஒருவர் எங்கோ ஏசி ரூமில் உட்கார்ந்து முடிவு பண்ணுகிறார். அந்த யாரோ ஒருவர் என் அக்கா மகனாகவே வந்து வாய்த்தான்.

பையன் சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். படம் வரைகிற சாப்ட்வேர் செய்கிறார்கள். அதில் உனக்கு என்னல வேலை என்று கேட்டால், “கீய அமுக்கினா என்ன நடக்கணும்னு யோசிக்கணும் மாமா” என்கிறான். இதை வைத்துக்கொண்டு பெண் கேட்டுப் போக முடியுமா? அக்கா கெட்டிக்காரி. “பையன் ஷிஃப்ட் பாக்கான்” என்று மட்டும் ஊரில் சொல்லி வைத்திருக்கிறாள். தூத்துக்குடி தெர்மலில் ஷிஃப்ட் பார்க்கிற மாப்பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய ஊர். யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அவன் பார்ப்பது கீபோர்டில் இருக்கிற ஷிஃப்ட் என்பது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

தசரா சமயத்தில் லீவு போட்டுவிட்டு வந்தான். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசரா என்றால் சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு ஒரு தசரா குழு. குழுவுக்குக் குழு பேனர். காப்புக் கட்டி, வேஷம் போட்டு, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி, பத்தாம் நாள் கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிகிறவரை எங்கள் கடையில் யாருக்கும் தூக்கம் கிடையாது. காளி, குரங்கு, போலீஸ், ராஜா என்று சகல வேஷக்காரர்களும் வந்து முக்காலியில் உட்கார்ந்து, “என் மூஞ்சி கொஞ்சம் வெள்ளையா வரட்டும் அண்ணாச்சி” என்பார்கள். குரங்கு வேஷம் போட்டவர்கூட சொல்வார். 2024 பிப்ரவரி 28 அன்று குலசையில் இஸ்ரோ ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதில் இருந்து அம்மனுக்குப் பின்னால் ஒரு ராக்கெட்டும் வைக்கச் சொல்கிறார்கள். ராக்கெட் சாய்வாகப் போக வேண்டுமாம். நேராக நின்றால் கிளம்பாத மாதிரி இருக்கிறதாம்.

இந்த நெரிசலில் மருமகன் என் பக்கத்தில் ஒரு நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தான். கம்பெனியில் சொல்லி அனுப்பினார்களாம், உண்மையான ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வா என்று.

“மாமா, படம் ஒட்ட வேண்டாம்னு நினைக்கும்போது ஒங்களுக்கு எந்த வெரல் போகுது?”

“வெரலா? எனக்கு வாய்தாம்ல போகுது.”

அதையும் எழுதிக்கொண்டான்.

அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும், இந்த ஒட்டுகிற வியாதி கம்ப்யூட்டரில் படம் வரைவது தொடங்கிய காலத்திலேயே வந்தது. 1963இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் ஸ்கெட்ச்பேட் என்று ஒன்றைச் செய்தார். டிஎக்ஸ்-2 என்ற பெரிய மெஷின். திரையில் ஒளிப்பேனாவை வைத்துக் கோடு இழுக்க வேண்டும். மனுஷன் கை நடுங்கும் அல்லவா? அதனால் பேனா ஒரு புள்ளிக்கோ கோட்டுக்கோ பக்கத்தில் வந்தாலே போதும், சரியாக அதன் மேலேயே வைத்ததாக மெஷின் எடுத்துக்கொள்ளும். வலது கை பேனாவில், இடது கை பட்டன் பலகையில். இன்றைக்கு நம் இடது கை ஷிஃப்டிலும் கண்ட்ரோலிலும் படுத்துக் கிடப்பதற்குத் தாத்தா அந்தப் பலகைதான். வரைந்தது போதும் என்றால் பேனாவை வெடுக்கென்று உதற வேண்டும். அந்த வேகத்துக்கு மெஷினால் பின்தொடர முடியாது, கோடு அங்கேயே நின்றுவிடும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. எரிச்சலில் உதறுவதையே ஒரு கட்டளையாக ஏற்றுக்கொண்ட மெஷின்! அதை எதற்கு மாற்றினார்கள் என்று கேட்டேன். மருமகனிடம் பதில் இல்லை.

அப்புறம் 1986இல் ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக்கூடத்தில் எரிக் பியர், மொரீன் ஸ்டோன் என்ற இருவர், ரூலரும் காம்பஸும் வைத்து வரைகிற துல்லியத்தை இந்த இழுப்பின் மூலமாகவே கொண்டுவரலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். கோடுகளுக்கும் புள்ளிகளுக்கும் ஈர்ப்பு விசை உண்டு என்பது அவர்கள் கணக்கு. அதற்குள் வீட்டு பிளான் போடுகிறவர்கள் கைக்கு ஆட்டோகேட் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பஜாரிலேயே பிளான் போடுகிற இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். எஃப்3 தட்டினால் முனையோடு முனை ஒட்டும், எஃப்8 தட்டினால் கோடு நேராக மட்டும் போகும். அவருக்கு ஸ்னாப் இல்லாவிட்டால் சோறு இல்லை. சுவர் மூலையில் சேராவிட்டால் அது பிளானே இல்லை. அவர் வேலையில் ஒட்டாதது தப்பு, என் வேலையில் ஒட்டுவது தப்பு. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சுவர் அவர் பக்கம் நேராக இருக்கிறது.

சரி, எந்தக் கீ? இருக்கிறதே மூன்றுதான்: ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட். போட்டோஷாப்பில் ஒரு படத்தை நேர்கோட்டில் மட்டும் நகர்த்த ஷிஃப்ட். கோரலில் அதே வேலைக்குக் கண்ட்ரோல். போட்டோஷாப்பில் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் ஸ்னாப் விட்டுவிடும். இங்க்ஸ்கேப்பில் ஸ்னாப்பை விடவைக்க ஷிஃப்ட். நடுவில் இருந்து பெரிசாக்க போட்டோஷாப்பில் ஆல்ட், கோரலில் ஷிஃப்ட். ஒரே ஆள் இந்த வீட்டுக்கு மாமா, எதிர்வீட்டுக்குச் சித்தப்பா, அடுத்த தெருவுக்கு அத்தான் என்று இருந்தால் எந்த வாசலில் எப்படிக் கூப்பிடுவது என்று நமக்கு மூன்று வயசிலேயே தெரிந்துவிடுகிறது. விரலுக்கு அது தெரிய முப்பது வருஷம் ஆகிறது. இதில் ஒரே ஓர் ஆச்சரியம், சுழற்றும்போது மட்டும் மூன்று சாப்ட்வேரும் ஒற்றுமை. கீயைப் பிடித்தால் மூன்றிலும் 15 டிகிரி 15 டிகிரியாகத்தான் திரும்பும். அம்மனுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் ராக்கெட் 15 டிகிரி சாய்வில் கிளம்புவது இதனால்தான். விஞ்ஞானிகள் மன்னிக்கவும்.

இங்க்ஸ்கேப் சங்கதி இன்னும் நுட்பமானது. 2003இல் சோடிபோடி என்ற சாப்ட்வேரில் இருந்து பிரிந்து வந்தது, காசு கிடையாது. அதில் இழுக்க ஆரம்பித்த பிறகு ஷிஃப்டை அமுக்கினால் ஸ்னாப் விடும். ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஷிஃப்டை அமுக்கிவிட்டு இழுத்தாலோ, படம் நகராது. மாமாவைச் சுற்றி ஒரு கட்டம் வரும், வேறு ஆட்களைச் சேர்த்துப் பிடிப்பதற்கு. ஒரே கீ, முன்னால் அமுக்கினால் ஒன்று, பின்னால் அமுக்கினால் ஒன்று. சரி, ஆல்ட் சும்மாதானே இருக்கிறது என்று பார்த்தால், லினக்ஸில் பல இடங்களில் ஆல்ட்டைப் பிடித்து இழுத்தால் ஜன்னலே நகரும். மாமா அப்படியே இருக்க, கடையே நகர்ந்துபோகும்.

“அப்ப எந்தக் கீயும் சும்மா இல்ல, மாமா. அதாம் பிரச்சின” என்றான் மருமகன். அவன் முகத்தில் முதல்முறையாக உழைப்பாளியின் களைப்பைப் பார்த்தேன்.

பேசாமல் ஒரு பட்டன் வைத்துவிடலாமே, தட்டினால் ஒட்டும், இன்னொரு தட்டு தட்டினால் ஒட்டாது? இருக்கிறது. கோரலில் ஆல்ட்டோடு இசட், இங்க்ஸ்கேப்பில் சதவீதக் குறி. இது மறக்கிற சாதிக்கு உதவாது. தட்டிவிட்டு நிமிர்ந்தால் போன் வரும். போன் பேசி முடித்தால் கரண்ட் போகும். கரண்ட் வந்தால் காளி வேஷக்காரர் வந்து நிற்பார். திரும்பி உட்காரும்போது ஸ்னாப் இருக்கிறதா இல்லையா என்பது அந்த அம்மனுக்கே வெளிச்சம். இதே கடுப்பு ஆப்பிளிலும் ஜெராக்ஸிலும் வேலை பார்த்த லாரி டெஸ்லருக்கு இருந்திருக்கிறது. நாம் காலையில் இருந்து ராத்திரி வரை பண்ணுகிற கட், காப்பி, பேஸ்ட்டை உண்டாக்கிக் கொடுத்தவர்களில் ஒருவர், 2020இல் காலமானார். இப்படி ஒரு நிலையில் மாட்டிக்கொண்டு முழிக்கவைக்கிற சாப்ட்வேரே கூடாது என்று கடைசிவரை சொன்னவர். கார் நம்பர் பிளேட்டிலேயே ‘நோ மோட்ஸ்’ என்று எழுதி வைத்திருந்தார். நம்மூரில் நம்பர் பிளேட்டில் தலைவர் படம் வைப்பார்கள். அங்கே கொள்கை.

மேக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஜெஃப் ராஸ்கின் 2000இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஒரு வழி சொல்கிறார். தட்டிவிட்டு மறப்பதுதான் ஆபத்து, அமுக்கிப் பிடித்தால் ஆபத்து இல்லை. பிடித்திருக்கிற விரலே ஞாபகப்படுத்திக்கொண்டு இருக்கும். விட்டால் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். கேப்ஸ் லாக்கால் எத்தனை பேர் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துத் திணறியிருக்கிறார்கள்? ஷிஃப்டால் அப்படித் திணறியவர் உண்டா? இதைக் கேட்டதும் நான் அமுக்கிப் பிடிக்கிற கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்த பிறகுதான் இடது கையைப் பார்த்தேன். அது எங்கே காலியாக இருக்கிறது? அதில் போன். போனில் வாட்ஸாப். வாட்ஸாப்பில் குழு உறுப்பினர்களின் போட்டோ ஒவ்வொன்றாக வந்துகொண்டு இருக்கிறது, சிலது பைக்கோடு. எதிரில் காளி வேஷக்காரர் முதுகில் அட்டைக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டுக் கையிலும் ஆயுதம். அதில் இரண்டைக் கழற்றித் தந்தால் ஒன்றை ஷிஃப்டிலும் ஒன்றைக் கண்ட்ரோலிலும் வைத்திருப்பேன். ஒற்றைக் கையால் இரண்டு கீ அமுக்க முடியாதவர்களுக்காக விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உண்மையிலேயே புண்ணியமான ஏற்பாடு. ஆனால் அது வேண்டுமா என்று கேட்க அவர்கள் தேர்ந்தெடுத்த சமிக்ஞை, ஷிஃப்டை ஐந்து தடவை அமுக்குவது. மனுஷன் பொறுமை இழந்தாலும் அதைத்தான் செய்வான். எங்கள் கடைத் தம்பி எந்தப் பெட்டி வந்தாலும் படிக்காமல் ‘யெஸ்’ கொடுக்கிற நல்ல பிள்ளை. அன்றைக்கு முழுக்க ஷிஃப்ட் விட்டபாடில்லை.

கீயின் பொருளைத் திடீரென்று மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் உலகம் அறிந்த உதாரணம் உண்டு. 2018 அக்டோபரில் வந்த போட்டோஷாப்பில் ஷிஃப்டின் வேலையைத் தலைகீழாக்கினார்கள். அதுவரைக்கும் படத்தைப் பெரிசாக்கும்போது நீளமும் அகலமும் ஒரே விகிதத்தில் இருக்க ஷிஃப்டைப் பிடிக்க வேண்டும். இனிமேல் பிடிக்காவிட்டால்தான் விகிதம், பிடித்தால் இஷ்டத்துக்கு இழுபடும். யோசித்துப் பார்த்தால் அது நியாயம். யார் முகத்தை வேண்டுமென்றே நசுக்கப் போகிறார்கள்? ஆனால் உலகம் முழுக்க டிசைனர்களின் சுண்டுவிரல் யோசிக்காமல் ஷிஃப்டில் போய் உட்கார்ந்தே பழகியிருந்தது. போதாக்குறைக்குப் போட்டோவுக்குப் புதிய சட்டம், வட்டம் சதுரம் முதலான வடிவங்களுக்குப் பழைய சட்டம் என்று முதலில் விட்டிருந்தார்கள். சத்தம் வலுத்த பிறகு பழையபடி வைத்துக்கொள்ள ஒரு வழி வந்தது. அந்த ஐப்பசியில் முகூர்த்தம் வைத்த மாப்பிள்ளைகள் சிலர் பேனரில் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார்கள். மாமியார் வீட்டார் யாரும் குறை சொல்லவில்லை.

“அப்ப ஒங்களுக்கு என்னதாம் வேணும்? சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்” என்றான் மருமகன்.

சொன்னேன். தசரா குழு பேனரில் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே வரி கொடுத்தவர்கள். எல்லோர் தலையும் ஒரே அளவு, ஒரே வரிசை. அங்கே ஸ்னாப் இருக்கட்டும், கீயைப் பிடித்தால் விடட்டும். சடங்கு வீட்டு பேனரில் ஒருவரும் சமம் இல்லை. அங்கே ஸ்னாப்பே வேண்டாம், கீயைப் பிடித்தால் மட்டும் ஒட்டட்டும். ஒரே கீ. இப்போது என்ன நிலையோ அதற்கு நேர் எதிர். பிளெண்டர் என்ற சாப்ட்வேரில் இப்படித்தான் கண்ட்ரோல் வேலை செய்கிறது என்றான் அவன். காந்தப் படம் போட்ட பட்டன் அணைந்திருந்தால் கண்ட்ரோல் ஒட்டவைக்கும், எரிந்தால் கண்ட்ரோல் விடுவிக்கும். பிறகு என்ன, யோசனை முடிந்ததே என்றேன். “இப்ப எந்த நெலமைன்னு ஆளுக்குத் தெரியணும்லா” என்றான். அதுவும் சரி. மூலையில் இருக்கிற பட்டனை யாரும் பார்ப்பதில்லை. கண் மாமாவின் மூக்கில் இருக்கும். அதனால் அடையாளம் மவுஸ் முனையிலேயே வர வேண்டும் என்று எழுதிக்கொண்டான்.

அடுத்தது, விடுகிற விஷயம். இதை எவனும் யோசித்தானா தெரியவில்லை, ஆனால் கடையில் அன்றாடம் நடப்பது. கீயைப் பிடித்து, சவுதி மாமாவைச் சரியாக அரை இஞ்ச் மேலே கொண்டுவந்து நிறுத்தியாயிற்று. இப்போது இரண்டு கையையும் எடுக்க வேண்டும். இடது விரல் கீயை ஒரு கண்சிமிட்டும் நேரம் முந்தி விட்டுவிட்டால் போச்சு. மவுஸ் இன்னும் பிடியில் இருக்கிறது, ஸ்னாப் திரும்பிவந்துவிட்டது, மாமா படக்கென்று வரிசைக்குப் போய்விட்டார். அதனால், கீயை விட்டதும் உடனே ஒட்டக் கூடாது. விட்ட பிறகு மவுஸ் மறுபடி நகர்ந்தால்தான் ஒட்டலாம். அதுவும் கை நடுக்கத்துக்கு ஒரு சில புள்ளி மன்னித்து, அதற்கு மேல் நகர்ந்தால். மருமகன் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தான். “மாமா, நீங்க சென்னைக்கு வந்துருங்க” என்றான். தசரா முடியட்டும் என்றேன்.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு அவன் எழுந்து கடைத் தம்பியின் பின்னால் போய் நின்றான். தம்பி எந்தக் கீயையும் பிடிக்கவில்லை. படத்தை இழுத்தான், ஒட்டியது, ஒட்டட்டும் என்று விட்டான். பிறகு அம்புக்குறிக் கீயில் டொக், டொக், டொக் என்று மேலே ஏற்றினான். அம்புக்குறியால் நகர்த்தினால் ஸ்னாப் கிட்டேயே வராது. இன்னொரு படத்துக்கு வேறு உபாயம். முழுத் திரையிலும் ஒரு மூக்கு மட்டும் தெரிகிற அளவுக்குப் பெரிசாக்கினான். ஸ்னாப்பின் இழுப்பு திரையில் இத்தனை புள்ளி தூரம் என்றுதான் கணக்கு, பேனரில் இத்தனை இஞ்ச் என்று இல்லை. பெரிசாக்கினால் பிடி தளர்ந்துவிடும். இதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாசரேத்திலும் உடன்குடியிலும் இருக்கிற டிசைனர்களும் இதையே பண்ணுகிறார்கள். மருமகன் நோட்டில் ஏற்கெனவே எழுதிய பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தான். எதையும் அடிக்கவில்லை, பாவம்.

அன்று சாயங்காலம் ஒரு குழுவின் பேனர் கட்டினார்கள். நடுவில் முத்தாரம்மன், பின்னால் 15 டிகிரி ராக்கெட், கீழே வரிசையாக உறுப்பினர்கள். எல்லோரும் சமம் என்று நான் சொன்ன அதே குழுதான். ஆனால் பொருளாளர் தனியாக வந்து, டீ வாங்கிக் கொடுத்து, வலது ஓரத்தில் இருக்கிற தன் படத்தை மட்டும் அரை இஞ்ச் மேலே ஏற்றச் சொல்லியிருந்தார். மருமகன் கண் முன்னாலேயே கீயைப் பிடித்து ஏற்றிக் கொடுத்தேன்.

பேனர் பத்தடி. கட்டுகிறவர்கள் ஊன்றியிருந்த சவுக்குக் கம்புக்கு நடுவில் இடம் ஒன்பதரை அடி. அவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. மிச்ச அரை அடியை வலது பக்கக் கம்பில் சுற்றி, கம்பியை முறுக்கி, பல்லால் இழுத்துக் கட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். பொருளாளர் கம்புக்குப் பின்னால் போய்விட்டார். காது மட்டும் தெரிந்தது.

பைக்கில் வந்து இறங்கியவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நேராகக் கடைக்கு வந்தார்.

“வேற ஒண்ணு போட்ருங்க அண்ணாச்சி. துட்டு நான் தாரேன். இந்தத் தடவ ஓரமே வேண்டாம், என்னைய நடுவுல வச்சிருங்க.”

“நடுவுல அம்மன்லா இருக்கா?”

“அம்மன் கொஞ்சம் மேல போட்டும்.”